கானா போய்விட்டுச் சென்னை வருகிறவர் டிராவல் கிளினிக்கில் என்ன பேச வேண்டும்?

கேள்வி இதுதான். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.எஸ். படிக்கும் மாணவி, மே மாதம் பேராசிரியர் குழுவோடு குடிநீர்த் திட்டம் ஒன்றுக்காக ஆறு வாரம் கானா போகிறார். முதலில் தலைநகர் அக்ரா, பிறகு வடக்கே தமாலே பக்கத்துக் கிராமங்கள், நடுவில் ஒரு வார இறுதி வோல்டா ஏரி. வேலை முடிந்ததும் துபாய் வழியாக நேராகச் சென்னை, வீட்டில் ஒரு மாதம். டிராவல் கிளினிக்குக்குப் போகச் சொல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. "சென்னையில் வளர்ந்த உடம்புக்கு இதெல்லாம் தேவையா? மஞ்சள் காய்ச்சல் ஊசி மட்டும் போட்டுக்கொண்டால் போதாதா? செலவு வேறு எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறார்.

தேவை. இந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். நான் ஒரு பல்கலைக்கழக மாணவர் மருத்துவ மையத்தின் டிராவல் கிளினிக்கில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் இதே கேள்வியோடு வருவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த "வளர்ந்த உடம்பு" விஷயம், ஏனென்றால் ஆபத்தே அதில்தான் இருக்கிறது. சென்னையில் நாம் பார்க்கும் மலேரியா பெரும்பாலும் விவாக்ஸ் வகை. குளிரும் நடுக்கமுமாக ஆளைப் படுக்கவைக்கும், ஆனால் பெரும்பாலானவர்கள் மாத்திரையில் எழுந்துவிடுவார்கள். கானாவில் இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபாரம், நாடு முழுக்க, வருடம் முழுக்க, பழைய மலேரியா மருந்தான குளோரோகுயினுக்கு அடங்காத வகை. காய்ச்சல் தொடங்கி ஓரிரு நாளிலேயே மூளையையும் சிறுநீரகத்தையும் பிடித்துவிடக்கூடியது. அங்கேயே பிறந்து சின்ன வயதிலிருந்து திரும்பத் திரும்ப மலேரியா வந்தவர்களுக்கு ஓரளவு தாங்கும் சக்தி வருவது உண்மைதான், ஆனால் அவர்களுக்கே வெளிநாட்டில் சில வருடம் இருந்தால் அது கரைந்துவிடும். நமக்கு அது தொடக்கத்திலிருந்தே இல்லை. அமெரிக்காவில் வருடத்துக்குச் சுமார் 2000 பேருக்கு மலேரியா கண்டுபிடிக்கப்படுகிறது, அதில் பெரும்பங்கு சொந்த நாட்டுக்கு உறவினரைப் பார்க்கப் போய் வந்தவர்கள்: "நமக்கு ஒன்றும் ஆகாது" என்று மாத்திரை எடுக்காமல் போனவர்கள். டைஃபாய்டு கதையும் இதேதான், அமெரிக்காவில் அது வருவது பெரும்பாலும் இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் போய்த் திரும்பியவர்களுக்கு. ஒருமுறை டைஃபாய்டு வந்தவருக்கு மறுபடி வராது என்ற உத்தரவாதமும் கிடையாது.

அப்படியென்றால் நம் ஊரில் வளர்ந்ததால் எந்த லாபமும் இல்லையா என்றால், ஒன்று இருக்கலாம், ஹெபடைட்டிஸ் ஏ. சின்ன வயதிலேயே தெரியாமல் வந்து போயிருந்தால் வாழ்நாள் எதிர்ப்புச் சக்தி இருக்கும். ஆனால் கேன் தண்ணீரும் ஆர்ஓ தண்ணீருமாக வளர்ந்த தலைமுறையில் அது பலருக்கு வந்திருப்பதே இல்லை, வளர்ந்த பிறகு வந்தால்தான் மஞ்சள் காமாலையாகி வாரக்கணக்கில் படுக்கப்போடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நேரம் இல்லையென்றால் பரிசோதனை இல்லாமலே ஊசி போட்டுக்கொள்ளலாம், ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருந்தாலும் கெடுதல் ஒன்றும் இல்லை.

சரி, கிளினிக்கில் என்ன நடக்கும்? ஊசி போட்டு அனுப்பும் இடம் என்று நினைத்துப் போகாதீர்கள். அரை மணி நேரத்துக்கு மேல் பேச்சுதான். எந்த நாடு, எந்த ஊர், எந்த வரிசையில், எத்தனை நாள், எங்கே தங்குவீர்கள், அறையில் ஏசி இருக்குமா, ஜன்னலில் வலை இருக்குமா, ஆற்றில் இறங்கும் வேலையா, அங்கே பைக் ஓட்டுவீர்களா, இதையெல்லாம் கேட்பார்கள். நீங்கள் "கானா, ஆறு வாரம்" என்று மட்டும் சொன்னால் அவர்கள் அக்ரா ஹோட்டலை மனதில் வைத்து ஆலோசனை சொல்லிவிடலாம், தமாலே பக்கத்துக் கிராமத்தில் தங்கிப் பரிசோதனைக்குத் தண்ணீர் மாதிரி (சாம்பிள்) எடுக்கப் போகிறீர்கள் என்று சொன்னால் பட்டியலே மாறும். அதனால் நாள்வாரியாக ஒரு தாள் எழுதிக்கொண்டு போங்கள். அதில் துபாயையும் சென்னையையும் கட்டாயம் எழுதுங்கள். நம் பிள்ளைகள் நிறைய பேர் வீட்டுக்குப் போவதைப் பயணமாகவே கணக்கில் எடுப்பதில்லை, கிளினிக்கில் சொல்வதும் இல்லை. உங்களுக்கு அந்தச் சென்னைப் பயணம்தான் விஷயத்தையே மாற்றுகிறது, கீழே சொல்கிறேன்.

தடுப்பூசிப் பதிவுகளையும் கொண்டுபோங்கள். வீட்டில் பீரோவுக்குள் அந்தப் பழைய தடுப்பூசி அட்டை எங்காவது இருக்கும், அம்மாவிடம் சொல்லி வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும். அட்டவணையில் தட்டம்மைக்கு இரண்டாவது டோஸ் இல்லாத காலத்தில் வளர்ந்தவர்கள் உங்கள் வயதில் நிறைய பேர். சேர்க்கையின்போது பல்கலைக்கழகம் எம்எம்ஆர் ஊசி (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்தது) இரண்டு டோஸ் கேட்டிருக்கும், அந்தப் பதிவு மாணவர் போர்ட்டலில் இருக்கிறதா என்று பாருங்கள். தட்டம்மை இப்போது உலகம் முழுக்கப் பரவுகிறது, விமான நிலையமே போதும் தொற்றிக்கொள்ள.

இனி மஞ்சள் காய்ச்சல். இது நீங்கள் விரும்பினால் போடும் ஊசி இல்லை. ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட யாராக இருந்தாலும் கானாவுக்குள் நுழையச் சான்றிதழ் கேட்பார்கள். இந்தியா இன்னும் கறாரானது. மஞ்சள் காய்ச்சல் இருக்கும் நாட்டிலிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் இறங்கினால், அந்த ஆறு நாள் முடியும்வரை தனிமைப்படுத்தி வைக்கச் சட்டம் இருக்கிறது, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் அதேதான். காரணம் நியாயமானது. நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் ஊரில் மூலைக்கு மூலை இருக்கிறது, டெங்குவைத் தருவதும் அதே கொசுதான், ஆனால் மஞ்சள் காய்ச்சல் வைரஸ் இதுவரை இந்தியாவுக்குள் வரவில்லை. ஒரே ஒரு நோயாளி வழியாக வந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அக்ராவிலிருந்து துபாய் வழியாக ஒரே நாளில் சென்னையில் இறங்கப்போகிற உங்களை விமான நிலையச் சுகாதார அலுவலர்கள் நிறுத்திக் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

ஊசி போட்ட நாளிலிருந்து பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். அதன் பிறகு வாழ்நாள் முழுக்கச் செல்லும், 2016 ஜூலையிலிருந்து இதுதான் சர்வதேச விதி. முன்பு பத்து வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டியிருந்தது, அந்தப் பழைய கணக்கை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே இந்த ஊசி கிடைக்கும், உங்கள் பல்கலைக்கழகக் கிளினிக்குக்கு அந்த முத்திரை இருக்கிறதா என்று அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேளுங்கள். இல்லையென்றால் வெளியே எங்கே போக வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.

சான்றிதழாகத் தரும் அந்த மஞ்சள் அட்டையைக் கையில் வாங்கியதும் அங்கேயே, கிளினிக்கை விட்டு வெளியே வருவதற்கு முன், ஒரு நிமிடம் நின்று படியுங்கள். தமிழர்களுக்கு இதில் தனியாக ஒரு தலைவலி உண்டு. பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தைக் காலியாக விட்டு ஒரே பெயர் வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க விசாவில் பெயருக்கு முன்னால் எஃப்என்யூ (FNU, 'முதல் பெயர் தெரியாது' என்பதன் சுருக்கம்) என்று சேர்த்துவிடுவார்கள், அதுவே பல்கலைக்கழகப் பதிவுக்கும் போய், கிளினிக் கணினியில் முதல் பெயராகவே உட்கார்ந்திருக்கும். நர்ஸ் திரையைப் பார்த்து அதையே அட்டையில் எழுதிவிடுவார். இன்னும் சிலருக்கு இனிஷியல் ஒரு இடத்திலும் அப்பா பெயர் முழுதாக இன்னொரு இடத்திலும் இருக்கும். அட்டையில் இருக்கும் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், அதனால் பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டுபோய் அதைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். அமெரிக்கப் பழக்கத்தில் 5/4 என்று எழுதினால் அது மே நான்கா ஏப்ரல் ஐந்தா என்று இறங்குகிற ஊரில் குழப்பம் வரும். தடுப்பூசி நிறுவனமும் பேட்ச் எண்ணும், போட்டவரின் கையெழுத்தும், மையத்தின் முத்திரையும், உங்கள் கையெழுத்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் அட்டையே செல்லாது, புதிதாக எழுதித் தரச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். பிறகு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள். செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாள் உடம்பு வலி, லேசான காய்ச்சலோடு முடிந்துவிடும். முட்டைக்குக் கடுமையான ஒவ்வாமை, தைமஸ் சுரப்பிக் கோளாறு, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து, கர்ப்பம் இவற்றில் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரிதாகக் கடுமையான பக்கவிளைவு வரலாம், பேராசிரியர் அந்த வயதுக்காரர் என்றால் அவரும் கிளினிக்கில் பேசிவிட்டே போட்டுக்கொள்ள வேண்டும். எம்எம்ஆர், சின்னம்மை ஊசிகளும் உயிருள்ளவைதான், ஒரே நாளில் போட வேண்டும், இல்லையென்றால் நான்கு வாரமாவது இடைவெளி விட வேண்டும். காசநோய் ரத்தப் பரிசோதனை பாக்கி இருந்தால் அதையும் ஊசி போடும் அன்றே முடித்துவிடுங்கள், பிறகு என்றால் இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டிவரும். இதற்காகத்தான் கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே வரச் சொல்கிறோம். செமஸ்டர் முடியும் சமயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவதால் ஏப்ரலில் இடம் கிடைக்காது. ஒருவேளை தாமதமாகிவிட்டாலும் போகாமல் விடாதீர்கள், கடைசி வாரத்திலும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

மலேரியாவுக்கு உங்களைப் போன்ற பயணிகளுக்குத் தடுப்பூசி கிடையாது, மாத்திரைதான். முதலாவது அட்டோவாக்கோன்-புரோகுவானில், மலரோன் என்ற பெயரில் தெரிந்திருக்கும். கிளம்புவதற்கு ஒன்றிரண்டு நாள் முன் தொடங்கித் தினமும் ஒன்று, கானாவை விட்டுக் கிளம்பிய பிறகு ஏழு நாள். சாப்பாட்டோடோ பாலோடோ எடுத்தால்தான் உடம்பில் சேரும். இரண்டாவது டாக்ஸிசைக்ளின், விலை மிகக் குறைவு, ஆனால் திரும்பிய பிறகும் நான்கு வாரம் தினமும் எடுக்க வேண்டும். வெயிலில் தோல் சீக்கிரம் எரியும், பெண்களுக்கு ஈஸ்ட் தொற்று வரலாம், நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். மெஃப்ளோகுயின் வாரம் ஒரு மாத்திரை, வசதிதான், ஆனால் கெட்ட கனவு, பதற்றம், மனச்சோர்வு என்று போகலாம். 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்குக் கடுமையான எச்சரிக்கைக் குறிப்பே சேர்த்தது. மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மருந்து எடுத்திருந்தால் கிளினிக்கில் மறைக்காதீர்கள். அங்கே பேசுவது உங்கள் பேராசிரியருக்கும் போகாது, வீட்டுக்கும் போகாது.

உங்கள் திட்டத்துக்கு நான் மலரோன் பக்கம்தான் சாய்வேன். ஆறு வாரத்துக்கு 42, முன்னால் 2, பின்னால் 7, மொத்தம் 51 மாத்திரை. பார்மஸியில் இன்சூரன்ஸ் முப்பது நாளுக்கு மேல் கொடுக்காது என்று சொல்வார்கள். அப்போது "பயணத்துக்குப் போகிறேன், வெக்கேஷன் ஓவர்ரைடு போடுங்கள்" என்று கேளுங்கள். இந்த ஒரு வார்த்தை தெரியாமல் பாதி மாத்திரையோடு விமானம் ஏறியவர்கள் உண்டு. மீதியை அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், ஆப்பிரிக்கச் சந்தைகளில் தரமற்ற, போலி மலேரியா மருந்து ஒரு நிஜமான பிரச்சினை. அப்புறம் அந்தக் கடைசி ஏழு நாள் நீங்கள் சென்னையில், அம்மா சமையலோடு இருப்பீர்கள், மாத்திரை மறந்துபோகும். போனில் அலாரம் வையுங்கள்.

மாத்திரை எடுத்தாலும் கொசுக்கடியைத் தவிர்க்கத்தான் வேண்டும். மலேரியாக் கொசு சாயங்காலத்திலிருந்து விடியும்வரை கடிக்கும், ஏடிஸ் பகலில் கடிக்கும். ஏற்கெனவே ஒருமுறை டெங்கு வந்தவராக இருந்தால் பகல் கடியில் கூடுதல் கவனம் தேவை, வேறு வகை வைரஸால் இரண்டாவது முறை வரும் டெங்கு கடுமையாக இருக்க வாய்ப்பு அதிகம். தோலில் பூசும் கொசு மருந்தில் டீட் 20 முதல் 50 சதவீதம் வரை உள்ளதோ, 20 சதவீத பிகாரிடினோ வாங்குங்கள். வேப்பெண்ணெயும் கைப்பட்டையும் இந்த வேலைக்குப் போதாது. முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்தபின் கொசு மருந்து. பெர்மெத்ரின் என்று ஒரு தெளிப்பான் இருக்கிறது, அதைத் துணியில் அடித்துக் காயவைத்து உடுத்த வேண்டும், தோலில் போடக் கூடாது. கிராமத்தில் தங்கும் நாட்களுக்கு மருந்தில் நனைத்த கொசுவலை ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

மற்ற ஊசிகளில் டைஃபாய்டைக் கட்டாயம் போடுங்கள், கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பாவது. அமெரிக்காவில் போடும் ஊசி இரண்டு வருடம் தாங்கும், அதுவும் முழுப் பாதுகாப்பு தராது, சாப்பாட்டில் கவனம் இருக்கத்தான் வேண்டும். ஒரே ஊசியில் கானாவுக்கும் சென்னைக்கும் சேர்த்து வேலை முடிகிறது. வட கானா மெனிஞ்சைட்டிஸ் பெல்ட் எனப்படும் பகுதியில் வருகிறது, வறட்சிக் காலமான டிசம்பரிலிருந்து ஜூன் வரை அங்கே மூளைக்காய்ச்சல் பரவும். அமெரிக்காவில் பள்ளிக்கூடம் படித்த மாணவர்களுக்கு அந்த ஊசி பதின்வயதிலேயே போட்டிருப்பார்கள், நம் ஊரிலிருந்து எம்.எஸ்.க்கு வந்த உங்களுக்குப் பெரும்பாலும் போட்டிருக்காது. "உங்கள் குழுவில் எல்லோருக்கும் இருக்கிறதே" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். டெட்டனஸ் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரேபிஸில்தான் எல்லோரும் தயங்குவார்கள், ஏனென்றால் அமெரிக்காவில் ஒரு டோஸே சில நூறு டாலர் ஆகும், மாணவர் இன்சூரன்ஸ் பெரும்பாலும் தராது. கிராமத்தில் வாரக்கணக்கில் நடந்து திரியும் வேலை என்றால் நான் போட்டுக்கொள்ளத்தான் சொல்வேன். காரணம் கணக்கில் இருக்கிறது. முன்கூட்டி இரண்டு டோஸ், முதல் நாளும் அதிலிருந்து ஏழு நாள் கழித்தும், போட்டிருந்தால் நாய் கடித்தபின் இன்னும் இரண்டு ஊசி போதும். போடாமல் கடிபட்டால் நான்கைந்து ஊசியோடு, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (தயார்நிலையில் கிடைக்கும் எதிர்ப்பொருள்) போட வேண்டும், அதுதான் தமாலேக்கு வெளியே ஒரு கிராமத்திலிருந்து தேடிப்போனால் கிடைப்பது கஷ்டம். எது எப்படியானாலும் கடிபட்டதும் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், பிறகுதான் மற்றதெல்லாம். ஊசி போட்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

வோல்டா ஏரிக்கு வருவோம். 1965இல் அகோசோம்போ அணை கட்டி முடிந்து உருவான ஏரி அது, மனிதர்கள் உண்டாக்கிய ஏரிகளில் பரப்பளவில் உலகத்தின் மிகப் பெரியவற்றில் ஒன்று. ஓடும் ஆறு தேங்கி நின்றதும் கரையோரம் பாசியும் செடியும் வளர்ந்தன, அதில் நத்தைகள் பெருகின, நத்தையோடு சிஸ்டோசோமியாசிஸ் என்ற ஒட்டுண்ணி நோயும் சுற்று வட்டாரமெங்கும் பரவியது. நத்தையிலிருந்து வெளியேறும் நுண்ணிய புழு தண்ணீரில் நீந்தி, காயமே இல்லாத தோலையும் துளைத்து உள்ளே போய்விடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால் ஏரியில் படகில் போங்கள், கரையில் உட்கார்ந்து மீன் சாப்பிடுங்கள், இறங்கிக் குளிக்காதீர்கள். குளோரின் போட்ட நீச்சல் குளத்தில் இந்தப் பயம் இல்லை. உங்களுக்குத் தண்ணீர் மாதிரி எடுப்பதே வேலை என்பதால் முழங்கால்வரை வரும் பூட்ஸும் நீளமான கையுறையும் திட்டச் செலவில் கேட்டு வாங்குங்கள். தோல் தண்ணீரில் பட்டிருந்தால் இரண்டு மாதம் கழித்துப் பரிசோதனை செய்யலாம், பிராசிகுவாண்டல் மாத்திரையில் குணமாகிவிடும். பரிசோதனைக்கு நீங்கள் அமெரிக்கா திரும்பியிருப்பீர்கள், மறக்காமல் அதே கிளினிக்குக்கே போய்ச் சொல்லுங்கள்.

வயிற்றுப்போக்கு ஆறு வாரத்தில் ஒருமுறையாவது வரும் என்று வைத்துக்கொண்டே தயாராகுங்கள். கொதிக்கக் கொதிக்க எடுத்துப் போடும் வாச்சே (அரிசியும் காராமணியும் சேர்த்து வேகவைத்த சோறு), சுடச்சுட வறுத்த வாழைப்பழம் இவையெல்லாம் சாலையோரத்திலும் தைரியமாகச் சாப்பிடலாம், வெட்டி வைத்த பழமும், சாலடும், ஐஸும்தான் ஏமாற்றும். தண்ணீர் சீல் உடையாத பாட்டிலில் குடியுங்கள். ஓஆர்எஸ் பாக்கெட் பத்துப் பன்னிரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் சமமட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும். கிளினிக்கில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதித் தருவார்கள். அது காய்ச்சலோடு அல்லது ரத்தத்தோடு போனாலோ, எழுந்திருக்க முடியாமல் போனாலோ எடுப்பதற்கு, இரண்டு முறை இளகிப் போனதற்கெல்லாம் இல்லை. வயிற்றுப்போக்கை அடக்கும் லோபெரமைடு நீண்ட பஸ் பயணத்துக்கு உதவும், ரத்தமோ அதிகக் காய்ச்சலோ இருந்தால் தொடாதீர்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய சிப்ரோ ஆன்டிபயாடிக் பட்டையை நம்பிப் போகாதீர்கள், நம் நாட்டுப் பக்கத்தில் நிறையக் கிருமிகளுக்கு அது இப்போது வேலை செய்வதில்லை.

துபாயில் இறங்கி மாறப்போகிறீர்கள் என்பதால் மருந்துப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. ஐக்கிய அரபு அமீரகத்தில் ட்ரமடால் என்ற வலி மாத்திரை, கோடீன் கலந்த மருந்துகள், கவனக்குறைவுக்கு எடுக்கும் ஊக்க மாத்திரைகள் எல்லாம் கடுமையான கட்டுப்பாட்டில் இருக்கின்றன. அப்படி ஏதாவது எடுப்பவராக இருந்தால் கிளினிக்கில் இப்போதே சொல்லுங்கள். எல்லா மருந்தையும் பார்மஸி லேபிளோடு அசல் டப்பாவில், மருந்துச் சீட்டின் நகலோடு, கைப்பையில் வையுங்கள். இடம் மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கிருமியைவிட ரோடுதான் இளம் பயணிகளை அதிகம் கொல்கிறது. தமாலேயில் மோட்டார் சைக்கிள்தான் ஊர் வாகனம், ஏறச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஹெல்மெட் இல்லாமல் ஏறாதீர்கள், முடிந்தால் ஏறவே ஏறாதீர்கள். இருட்டிய பிறகு ஊர்விட்டு ஊர் போகும் பயணம் வேண்டாம் என்று குழுவில் முதல் நாளே பேசி வைத்துவிடுங்கள். பல்கலைக்கழகம் வெளிநாட்டுப் பயணக் காப்பீடு வைத்திருக்கும், அவசரமாக விமானத்தில் வேறு நாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவு அதில் அடங்குமா, களப்பணி முடிந்து சென்னையில் இருக்கும் ஒரு மாதத்துக்கும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் பல்கலைக்கழக வேலையாகப் போகும் நாட்களுக்கு மட்டும்தான் செல்லும், சென்னைக்குத் தனியாகப் பார்க்க வேண்டிவரும்.

பணம் பற்றிக் கேட்டீர்கள், நியாயமான கேள்வி. மஞ்சள் காய்ச்சல் ஊசி மட்டுமே 200 டாலருக்கு மேல் போகும். எம்எம்ஆர், டெட்டனஸ், ஹெபடைட்டிஸ் போன்ற வழக்கமான ஊசிகளை இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஏற்கும், பயண ஊசிகளைத்தான் ஏற்காது. இது திட்ட வேலைக்கான செலவு, பேராசிரியரின் ஆராய்ச்சி நிதியிலிருந்து தர முடியுமா என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை, கேட்காதவர்களுக்குத்தான் கிடைப்பதில்லை. கவுண்டி சுகாதாரத் துறைக் கிளினிக்கிலும் விலை விசாரியுங்கள். டைஃபாய்டு, ரேபிஸ் ஊசிகள் சென்னையில் அமெரிக்க விலையில் ஒரு சின்னப் பங்குதான், ஆனால் நீங்கள் கானாவுக்கு முதலில் போவதால் அது இந்த முறை உதவாது. அடுத்த பயணம் வீட்டிலிருந்து கிளம்புவதாக இருந்தால் அங்கேயே போட்டுக்கொள்ளலாம், மஞ்சள் காய்ச்சல் ஊசிகூட கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள்.

கடைசியாக, சென்னையில் காய்ச்சல் வந்தால். ஃபால்சிபாரம் மலேரியா, கொசு கடித்து ஒரு வாரத்துக்கு மேல் கழித்துத்தான் வெளியே தெரியும், பெரும்பாலும் முதல் மாதத்துக்குள், சிலருக்கு அதற்குப் பிறகும். அதாவது நீங்கள் வீட்டில் இருக்கும்போது. தெருமுனை டாக்டர் வைரல் என்றோ டெங்கு என்றோ நினைத்துப் பாராசிட்டமால் கொடுத்து மூன்று நாள் பார்ப்போம் என்பார், சென்னையில் வந்த காய்ச்சலுக்கு அது இயல்பான நினைப்புதான். ஆனால் உங்களுக்கு மூன்று நாள் அவகாசம் கிடையாது. உள்ளே போனதும் உங்கள் முதல் வாக்கியம் "நான் கானாவிலிருந்து வந்திருக்கிறேன், ஃபால்சிபாரம் மலேரியாவுக்கு இன்றைக்கே ரத்தம் பாருங்கள்" என்பதாக இருக்கட்டும். முதல் பரிசோதனையில் இல்லை என்று வந்து காய்ச்சல் நிற்காவிட்டால் அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை ஒழுங்காக எடுத்திருந்தாலும் இதையேதான் செய்ய வேண்டும், எந்த மாத்திரையும் நூற்றுக்கு நூறு இல்லை. வீட்டில் அம்மாவிடமோ அப்பாவிடமோ இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், காய்ச்சல் அதிகமாகி நீங்களே பேச முடியாமல் போனால் டாக்டரிடம் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.